ஒரு ரூபாய் காயின் போதும்... உங்க ஊர் கோர்ட்டுக்கு என்ன பிரச்னைனு நீங்களே கண்டுபிடிக்கலாம்!

முந்தின நாள் ராத்திரி மழை. மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு வாட்ஸ்அப் குரூப்ல முதல் மெசேஜ் வரும்: ``கிரவுண்டு காஞ்சிடுச்சா?'' யாரோ ஒருத்தர் போட்டோ எடுத்து அனுப்புவார். முக்கால்வாசி கோர்ட் காய்ந்திருக்கும். ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கி, அதில் வேப்பிலை மிதந்துகொண்டிருக்கும். ``பரவால்ல, அந்தப் பக்கம் போகாம ஆடிக்கலாம்'' என்று முடிவெடுத்து எல்லோரும் கிளம்பிவிடுவோம்.

விளையாட்டுச் சூட்டில் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியுமா என்ன?

நான் ஒன்பதாவது படிக்கும்போது போயிருக்கிறேன். திண்டிவனம் பக்கத்தில் ஒரு பள்ளி, சிமென்ட் போட்ட வாலிபால் கோர்ட். பின் வரிசையில் பந்தை எடுக்க ஓடினேன். காலுக்குக் கீழே தரையே இல்லாத மாதிரி இருந்தது. பச்சையாகக்கூட இல்லை, லேசான கறுப்புப் பாசிதான். கணுக்கால் வீங்கி, மூன்று வாரம் நொண்டி, அந்த வருஷம் டீமில் இடம் போய்விட்டது. எனக்குப் பிறகு அதே இடத்தில் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். அந்த மூலையைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. `தரைதானே... அதுக்கு என்ன மெயின்டெனன்ஸ்?' என்றுதான் நினைத்திருந்தோம்.

அந்த நினைப்புதான் தப்பு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் பள்ளிக்கூடம், கல்லூரி, பூங்கா, குடியிருப்பு, ஊராட்சி என்று எத்தனையோ இடங்களில் சிமென்ட் கோர்ட்டுகள் இருக்கின்றன. அவை ஏன் கெட்டுப்போகின்றன, அதில் நாம் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், வாங்க.

சிமென்ட் தரை சும்மா கிடக்காது!

பாஸ்கெட்பால் 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் பிறந்தது. பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக, கூரைக்குக் கீழே ஆடுவதற்கென்றே உருவாக்கிய விளையாட்டு. நாலு வருஷம் கழித்து வந்த வாலிபாலும் அப்படித்தான். ரெண்டும் கூரைக்குக் கீழே பிறந்தவை. நம்ம ஊரில் ரெண்டும் வெயிலில் வாழ்கின்றன!

அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு நம்ம பக்கத்து கோர்ட்டில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். வேண்டாம், வைக்காதீர்கள். காற்றின் வெப்பம் 40 டிகிரி என்றால், வெயிலில் கிடக்கும் கான்கிரீட் 50 டிகிரியைத் தாண்டிவிடும். மார்கழி விடியற்காலையில் அதே தரை 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்பது கான்கிரீட்டுக்கும் பொருந்தும். ஒரு பாஸ்கெட்பால் கோர்ட்டின் நீளம் 28 மீட்டர். இந்த வெப்ப வித்தியாசத்தில் அந்த 28 மீட்டர் நீளத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை நீண்டு சுருங்கும்.

கோர்ட் போடும்போது மூன்று, நான்கு மீட்டருக்கு ஒருமுறை கோடு மாதிரி வெட்டி விடுவது இதற்காகத்தான். நாம் `ஜாயின்ட்' என்போம். கான்கிரீட் எப்படியும் விரிசல் விடத்தான் போகிறது. `விடுறதுனா இந்தக் கோட்டுல விடு' என்று நாமே வழிகாட்டுகிற ஏற்பாடு அது. ஜாயின்ட் இல்லாமல் ஒரே தகடாக ஊற்றிய கோர்ட், தானாக ஒரு இடம் பார்த்து உடைந்துகொள்ளும்.

அடுத்தது கீழே இருக்கும் மண். விழுப்புரம் மாவட்டத்தில் செம்மண்ணும் இருக்கிறது, கரிசல் கலந்த களிமண்ணும் இருக்கிறது. களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மல்லாட்டை போட்ட கொல்லையில் நடந்தவர்களுக்கு இது நல்லாவே தெரியும். அந்த மண்ணைத் தோண்டி எடுக்காமல், மேலே கிராவலும் ஜல்லியும் கொட்டிச் சரியாக ரோலர் போடாமல், நேராக கான்கிரீட் ஊற்றினால் என்ன ஆகும்? மண் மூச்சுவிடுகிற மாதிரி ஏறி இறங்கும். மேலே இருக்கிற கோர்ட்டும் கூடவே ஏறி இறங்கி உடையும்.

முதல் எதிரி... தண்ணீர்!

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கா? திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கும் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை. ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் 28-க்கு 15 மீட்டர், அதாவது 420 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு செ.மீ மழை பெய்தால் 4,200 லிட்டர் தண்ணீர். 50 செ.மீ என்றால் 2 லட்சத்து 10 ஆயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகளில் ஏற்றினால் 17 லாரிக்கு மேலே போகும். ஒரே ஒரு கோர்ட்டின் மேல் விழுந்த தண்ணீர் மட்டும் இவ்வளவு!

இந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதை கோர்ட் போடும்போதே யோசித்திருக்க வேண்டும். விழுப்புரம் புதிய பஸ் ஸ்டாண்டை மழைக்காலத்தில் பார்த்திருப்பீர்கள். ஏரி இருந்த இடத்தில் கட்டியது. ஒவ்வொரு பெருமழையிலும் தண்ணீர் `இது என் வீடு'னு திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோர்ட்டும் அப்படித்தான். பள்ளமான இடத்தில், சுற்றிலும் உள்ள தரையைவிடத் தாழ்வாகப் போட்டுவிட்டு, அப்புறம் என்ன கலர் பெயின்ட் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

வெளிப்புற கோர்ட்டுக்குச் சரிவு முக்கியம். பார்க்கச் சமதளமாகத் தெரிய வேண்டும், ஆனால் முழுச் சமதளமாக இருக்கக் கூடாது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில், ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். 15 மீட்டர் அகலத்தில் ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் 12 முதல் 15 செ.மீ வரை உயர வித்தியாசம் இருந்தால் சரி. ஆடும்போது இந்தச் சாய்வு காலுக்குத் தெரியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

இதை அளக்கப் பெரிய மெஷின் வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். கண்ணாடி மாதிரியான நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ரெண்டு முனையையும் ரெண்டு ஓரத்தில் பிடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒரு ரூபாய் டெஸ்ட்

இப்போது தலைப்புக்கு வருவோம். டென்னிஸ், பாஸ்கெட்பால் கோர்ட் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்கச் செய்யும் ஒரு சோதனை இது. நம்ம ஊர் கோர்ட்டில் நீங்களும் செய்யலாம்.

1. மழை நின்ற பிறகோ, ஹோஸ் பைப்பால் கோர்ட் முழுவதும் தண்ணீர் விட்ட பிறகோ, ஒரு மணி நேரம் காத்திருங்கள். மேகமூட்டம் இல்லாத பகலாக இருந்தால் நல்லது.

2. இன்னும் தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுங்கள்.

3. ஒவ்வொரு தேக்கத்திலும் ஆழமான இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வையுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் அது. காயினின் மேல்பக்கம் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் கவலை இல்லை, வைப்பரால் தள்ளிவிட்டு ஆடலாம். காயின் முழுசாக மூழ்கிவிட்டால், அந்தப் பள்ளத்தை நிரப்பியே ஆக வேண்டும்.

4. கோர்ட் முழுசும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். போனில் தேதி தானாகப் பதிவாகிவிடும். அடுத்த வருஷம் இதே டெஸ்ட் செய்து ஒப்பிட்டால், பள்ளம் பெரிதாகிறதா என்று தெரியும். பெரிதானால் பிரச்னை மேலே இல்லை, கீழே மண்ணில்.

கடைசி பாயின்ட் ரொம்ப முக்கியம். மண் இறங்கிக்கொண்டே இருக்கும் இடத்தில் மேலே எத்தனை முறை பூசினாலும் பணம்தான் வேஸ்ட்.

எல்லா விரிசலும் ஆபத்தா?

இல்லை. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தலைமுடி மாதிரி மெல்லிசாக, சிலந்தி வலை போல மேலே மட்டும் இருக்கும் விரிசல்கள் முதல் வகை. கான்கிரீட் போட்ட புதிதில் சாக்கு நனைத்துப் போட்டு க்யூரிங் செய்யாமல், வெயிலில் சட்டென்று காய்ந்ததால் வருபவை. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை.

இரண்டாவது, நகம் உள்ளே போகும் அளவு அகலமான நீள விரிசல். இதில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் கீழே மண் கரையும், மேலே அருகம்புல்லும் கோரையும் முளைக்கும். புல்லை மேலாகக் கிள்ளிவிட்டு சிமென்ட் அப்புவதுதான் பல இடங்களில் நடக்கிறது. வேர் உள்ளேயே இருக்கும், அடுத்த மழையில் சிமென்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வேரோடு பிடுங்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசியை ஊதி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, ரப்பர் போல வளைந்து கொடுக்கும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும். சிமென்ட் வளைந்து கொடுக்காது. கோர்ட் விரிந்து சுருங்கும்போது திரும்பவும் அதே இடத்தில்தான் விடும்.

மூன்றாவது வகைதான் பயப்பட வேண்டியது. விரிசலின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால், விளையாடுகிறவர் காலை அது கட்டாயம் தட்டிவிடும். கீழே மண் இறங்கியிருக்கும், இல்லையென்றால் மர வேர் தூக்கியிருக்கும். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காட்டிலிருந்து வந்தது என்பார்கள். நிழலுக்காகக் கோர்ட் ஓரத்தில் நிற்கும் புளிய மரமோ, புங்க மரமோ, அரச மரமோ வேரை உள்ளே நீட்டியிருக்கலாம். அதற்காக மரத்தை வெட்டாதீர்கள்! அந்த நிழல் இல்லாவிட்டால் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் யாரும் கோர்ட்டில் கால் வைக்க முடியாது. கோர்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் பள்ளம் தோண்டித் தடுப்பு வைக்க வழி இருக்கிறது. எந்த வேரைத் தொடலாம் என்பதைத் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பெயர்ந்துபோன இடத்தில் `சிமென்ட் பால் ஊத்திட்டா சரியாயிடும்' என்று சொல்வார்கள். ஆகாது. பழைய கான்கிரீட் மேல் மெல்லிசாக ஊற்றிய சிமென்ட் ஒட்டிப் பிடிக்காது. கொஞ்ச நாளில் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, தளர்ந்த ஜல்லியை எல்லாம் எடுத்து, கழுவி, பழசையும் புதுசையும் ஒட்டவைக்கும் பாண்டிங் கோட் அடித்து, பாலிமர் கலந்த கலவை போட்டு, ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும். அந்த ஒரு வாரம் யாரும் ஏறக் கூடாது. கஷ்டம்தான். ஆனால், ஒருமுறை செய்தால் போதும்.

பாசி: கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வழுக்கும்!

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் படாத ஓரங்களில்தான் பாசி முதலில் வரும். கட்டட நிழல் விழும் பக்கம், மரத்தடி, தண்ணீர்த் தொட்டி ஓரம். பச்சையாகத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். தரை கறுத்துத் தெரிந்தாலே ஈரக் கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் பாசிதான்.

ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி ப்ளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றி, 15, 20 நிமிஷம் ஊறவிட்டு, கெட்டியான தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கையில் கிளவுஸ், காலில் செருப்பு, மூக்கில் துணி கட்டாயம். கலர் பூச்சு உள்ள கோர்ட்டாக இருந்தால், முதலில் ஒரு மூலையில் கொஞ்சம் ஊற்றி நிறம் போகிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. `சீக்கிரம் போகட்டும்'னு ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது. ரெண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூச்சுத்திணறலில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தனியாகவும் ஆசிட் வேண்டாம். பாசியோடு சேர்த்து சிமென்டையும் அரித்துவிடும்.

கம்பத்தைப் பார்த்தீங்களா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் நண்பர்களுக்கு ஃபார்வேர்டு செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

2025 நவம்பரில் ஹரியானாவில் சில நாள் இடைவெளியில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். ஒருவருக்கு 16 வயது, இன்னொருவருக்கு 15. ரெண்டு பேரும் பாஸ்கெட்பால் வீரர்கள். ரெண்டு பேர் மேலும் விழுந்தது பாஸ்கெட்பால் கம்பம். ரோத்தக் பக்கத்தில் நடந்த சம்பவத்தின் சி.சி.டி.வி காட்சியை நீங்களும் போனில் பார்த்திருக்கலாம். வளையத்தைப் பிடித்துத் தொங்குகிறான், கம்பம் அப்படியே அவன் மேல் சாய்கிறது. அவ்வளவுதான்.

இரும்புக் கம்பம் நடுவில் உடைவதைவிட, தரையைத் தொடும் இடத்தில் உடைவதுதான் அதிகம். தேங்கும் தண்ணீர் அங்கேதான் நிற்கும், துரு அங்கேதான் பிடிக்கும். மரக்காணம் உப்பளப் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்குத் தெரியும், கேட், கிரில், சைக்கிள் எதுவும் அங்கே ரொம்ப நாள் தாங்காது. கடல் காற்றிலுள்ள உப்பு துருவின் வேலையை வேகமாக்குகிறது. நம்ம மாவட்டத்தில் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஊர்களில் கம்பங்களை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? கம்பத்தின் அடிப்பகுதியில் மண், இலை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். பெயின்ட் உப்பியிருக்கிறதா, துரு செதில் செதிலாக உதிர்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேனரால் மேலிருந்து கீழே லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்ட சத்தம் அடியில் மட்டும் மந்தமானால் சந்தேகப்படுங்கள். போல்ட் போட்ட கம்பம் என்றால் நட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, கழன்றிருக்கின்றனவா என்று எண்ணுங்கள். பக்கவாட்டில் நின்று லேசாகத் தள்ளும்போது அடிக் கான்கிரீட்டே அசைந்தால், உடனே விலகி வந்துவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் கயிறு கட்டி, `கம்பம் ஆபத்தான நிலையில் உள்ளது, அருகில் வராதீர்கள்' என்று எழுதி வைத்துவிட்டுப் புகார் கொடுங்கள். சரிசெய்யும்வரை அந்தப் பக்கம் ஆட்டம் கிடையாது. கம்பம் நன்றாகவே இருந்தாலும் சாதாரண வளையத்தில் தொங்குவது வேண்டாம். ரீல்ஸுக்காக என்றால் கண்டிப்பாக வேண்டாம். வாலிபால் நெட் கம்பத்துக்கும் ஃபுட்பால் கோல் போஸ்ட்டுக்கும் இதே கதைதான்.

நாமே செய்யும் தப்புகள்

மழையையும் மண்ணையும் மட்டும் குறை சொல்ல முடியாது. நம்ம பங்கும் இருக்கிறது.

*களமாக மாறும் கோர்ட்:* மல்லாட்டைக்குப் பெயர்போன ஊர் நம்மது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை ரகங்களுக்கு `டி.எம்.வி' என்று திண்டிவனத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அறுவடை நேரத்தில் காய வைக்க இடம் இல்லாமல் சிமென்ட் கோர்ட்டைத் தேடுவது புரிந்துகொள்ளக்கூடியதுதான். காய வைப்பதால் மட்டும் பெரிய சேதம் இல்லை. மூட்டை ஏற்றிய டிராக்டர் உள்ளே வருவதுதான் பிரச்னை. மனிதர்கள் ஓடுவதற்காகப் போட்ட தரை டிராக்டர் பாரத்தைத் தாங்காது. ஓரங்கள் முதலில் உடையும். டிராக்டரை வெளியே நிறுத்தி மூட்டையைத் தூக்கி வந்தால், விவசாயிக்கும் களம் கிடைக்கும், கோர்ட்டும் தப்பிக்கும். ஆனால், ஊரில் உலர்களம் கேட்டு வாங்குவதுதான் நிரந்தரத் தீர்வு.

*நெருப்பு:* போகி, கோயில் திருவிழா அன்னதானம், காய்ந்த இலைக் குவியல் என்று எதையும் நேராக கான்கிரீட் மேல் எரிக்காதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, மேல்பரப்பை வெடிக்க வைத்துப் பெயர்க்கும். அடுப்பு வைத்தே தீர வேண்டும் என்றால் கீழே மணல் கொட்டி, செங்கல் அடுக்கி, அதன்மேல் வையுங்கள்.

*பந்தல்:* கல்யாணப் பந்தலுக்கும் பொதுக்கூட்ட மேடைக்கும் கடப்பாரையால் ஓட்டை போடுவது. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் போய்விடுவார்கள், ஓட்டை இருக்கும். மணல் நிரப்பிய டிரம்மில் கம்பத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

*பைக்:* வட்டம் சுற்றி, டயர் தேய்த்து, கறுப்பு அடையாளம் விட்டுப் போகும் ஸ்டன்ட். கூடவே சிந்தும் ஆயில். கலர் கோர்ட்டில் இந்தக் கறை லேசில் போகாது.

*எனாமல் பெயின்ட்:* கோடு போட வீட்டு கேட்டுக்கு அடிக்கும் எனாமலை எடுத்துவிடுகிறார்கள். அது பளபளவென்று இருக்கும், ஈரத்தில் வழுக்கும். கீழிருந்து வரும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் கொப்பளித்து உரியவும் செய்யும். கோர்ட்டுக்கென்று சொரசொரப்பான அக்ரிலிக் பெயின்ட் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

நீலமும் பச்சையுமாக கலர் கோர்ட் இருக்கா?

பல ஊர்களில் இப்போது அக்ரிலிக் பூச்சு போட்ட கோர்ட்டுகள் வந்துவிட்டன. அந்தக் கலரில் மெல்லிய சிலிக்கா மணல் கலந்திருப்பார்கள். ஷூவுக்கு கிரிப் கொடுப்பது அந்த மணல்தான். ஆட ஆட மணல் தேய்ந்து போகும், தரை வழவழப்பாகும். அதனால் நாலிலிருந்து எட்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபூச்சு தேவை. சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம் 1997-லிருந்து 2017 வரை சென்னை ஓப்பன் நடந்த ஹார்டு கோர்ட். 2022 செப்டம்பரில் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி அங்கே வந்தபோது, அதற்கு முன்பாக கோர்ட்டுகளைப் புதுப்பித்த பிறகுதான் நடத்தினார்கள். அவர்களுக்கே அப்படி என்றால், நம்ம ஊர் கோர்ட்டுக்குச் சொல்லவா வேண்டும்?

மறுபூச்சு போடுவதற்கு முன் ஒரு எளிய சோதனை. ஒரு முழச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் ஷீட்டுக்கு அடியில் வியர்த்திருந்தால் தரைக்குள் ஈரம் இருக்கிறது. அதன்மேல் பூசினால் உரிந்துவிடும். புதுசாகப் போட்ட கான்கிரீட் என்றால் 28 நாளாவது காத்திருக்க வேண்டும். திறப்பு விழா தேதிக்காக அவசரப்பட்டு அடித்த கலர், அடுத்த மழைக்குள் உரியத் தொடங்கிவிடும்.

தினசரி பராமரிப்பு ரொம்ப சிம்பிள். மெல்லிய துடைப்பத்தால் மணலைக் கூட்டுங்கள். ஷூவுக்கு அடியில் மாட்டும் மணல்தான் கோர்ட்டைத் தேய்க்கும் உப்புத்தாள். மாதம் ஒருமுறை லேசான சோப்புத் தண்ணீர். மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகாதீர்கள்.

நம்ம ஊர் காலண்டர்

*ஆடி, ஆவணி:* காற்றில் குப்பையும் இலையும் சேரும் காலம். தினமும் கூட்ட வேண்டும். அவ்வப்போது சாயங்கால மழை வரும். ஒரு ரூபாய் டெஸ்ட்டுக்கு நல்ல நேரம்.

*புரட்டாசி:* மழைக்கு முன்பு கோர்ட்டைச் சுற்றியுள்ள வாய்க்காலைத் தூர்வாருங்கள். ஜாயின்ட்டில் புல் பிடுங்குங்கள். கம்பங்களின் அடியைப் பாருங்கள்.

*ஐப்பசி, கார்த்திகை:* ரிப்பேர் வேலை வேண்டாம். தேங்கும் தண்ணீரைத் தள்ளுவது, பாசியைத் தேய்ப்பது மட்டும். தண்ணீர் நிற்கும்போது விளக்குக் கம்பங்களைத் தொடாதீர்கள்.

*மார்கழி:* பனி ஈரம். காலை ஆட்டத்துக்கு முன் ஒருமுறை வைப்பர் போடுங்கள்.

*தை முதல் பங்குனி வரை:* விரிசல் அடைப்பது, பள்ளம் நிரப்புவது, கலர் பூசுவது எல்லாம் இப்போதுதான். மழையும் இல்லை, கொளுத்தும் வெயிலும் இல்லை.

*சித்திரை, வைகாசி:* பெயின்ட் வேலை வேண்டாம். தரைச் சூட்டில் பூசப் பூசவே காய்ந்து திட்டுத்திட்டாகும். மதியம் ஆட்டமும் வேண்டாம்.

சரி, செலவுக்கு யாரைக் கேட்கிறது?

கூட்டுவது, தேய்ப்பது, புல் பிடுங்குவது எல்லாம் நம்மால் முடியும். கம்பம் மாற்றுவது, கோர்ட்டை உடைத்துப் போடுவது நம் பாக்கெட் மணியில் முடியாது. அதற்கு வழிகள் இருக்கின்றன.

ஊராட்சி கோர்ட் என்றால் கிராம சபையில் கேளுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று தேதி முன்கூட்டியே தெரியும். 2024-ல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் ஊராட்சிகளுக்குப் பேட், பந்து, நெட் எல்லாம் கொடுத்தார்கள். `கிட் வந்துடுச்சு, ஆடத் தரை வேணும்' என்று கேட்பதில் தப்பே இல்லை. நகரமாக இருந்தால் நகராட்சியில் மனு. ரெண்டு இடத்திலும் நகராவிட்டால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்துக்கு பஸ் ஏறத் தயங்காதீர்கள். அரசுப் பள்ளி கோர்ட் என்றால் பள்ளி மேலாண்மைக் குழு. நீங்கள் முன்னாள் மாணவராக இருந்தால், 2022 டிசம்பரில் தொடங்கிய `நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாக நீங்களே பணம் அனுப்பலாம். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் `நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது.

மனுவில் `கோர்ட் மோசமாக உள்ளது' என்று மட்டும் எழுதாதீர்கள். `வடகிழக்கு மூலையில் இத்தனை அடி நீளத்துக்குத் தண்ணீர் தேங்குகிறது, மேற்குப் பக்கக் கம்பத்தின் அடியில் துருப்பிடித்து ஓட்டை உள்ளது' என்று எழுதி, தேதியோடு போட்டோக்களை இணையுங்கள். `பார்க்கிறோம்' என்று சொல்லித் தள்ளிப்போட முடியாத மனு இப்படித்தான் இருக்கும். ஒப்புகைச் சீட்டை வாங்கி, அதையும் ஒரு போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்கள்.

நான் விழுந்த அந்த மூலையை நினைத்தால் இப்போதும் ஒரு வருத்தம் வரும். ஒரு துடைப்பம், ஒரு வாளி, அரை மணி நேரம். எனக்குப் பிறகு விழுந்த ரெண்டு பேரும் விழுந்திருக்க மாட்டார்கள். அடுத்த மழைக்கு உங்க குரூப்பில் `கிரவுண்டு காஞ்சிடுச்சா?' மெசேஜ் வரும்போது, கூடவே ஒரு கேள்வி சேர்த்துப் போடுங்கள்: ``யார் துடைப்பம் எடுத்துட்டு வர்றீங்க?''